"வலி இல்லை டாக்டர், அடைக்கிற மாதிரி இருக்கு"

இரவுப் பணியில் இருந்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா வந்தார். "வாயுதான் டாக்டர், ஒரு மாத்திரை கொடுத்தா போயிடுவேன்" என்றார். நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டேன். "வலி இல்லை, அடைக்கிற மாதிரி இருக்கு." தாடை கனக்கிறதாம், குமட்டுகிறதாம், இரண்டு நாளாக ஒரே அசதியாம். வயிற்றுக்கு ஊசி எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற நர்ஸ்தான், "ஒரு ஈசிஜி பார்த்துடலாமா சார்?" என்றார். பார்த்தோம். மாரடைப்பு.

பெண்களுக்கு மாரடைப்பில் நெஞ்சு வலியே வராது என்று சிலர் சொல்வது தவறு. இருபாலருக்கும் அதிகம் வரும் அறிகுறி அதுதான். ஆனால் பெண்களுக்கு மூச்சிரைப்பு, குமட்டல், தாடைவலி, முதுகுவலி எல்லாம் கூடவே வருவது அதிகம். அந்தக் கூட்டத்தில் நெஞ்சு காணாமல் போய்விடுகிறது. போதாததற்கு, பலர் அதை 'வலி' என்றே சொல்வதில்லை. பாரம், எரிச்சல், அடைப்பு என்பார்கள். இப்போதெல்லாம் "நெஞ்சில் என்ன செய்கிறது?" என்றுதான் கேட்கிறேன்.

ரத்தப் பரிசோதனையிலும் இதே கதைதான். இதயத் தசை பாதிக்கப்படும்போது ரத்தத்தில் கசியும் புரதம் ட்ரோபோனின். அதை அளக்கப் பரவலாகப் பயன்படும் ஒரு பரிசோதனையில் ஆண்களுக்கான வரம்பு லிட்டருக்கு 34 நானோகிராம், பெண்களுக்கு 16. எல்லோரையும் ஒரே வரம்பால் அளந்தால் சில பெண்களின் பாதிப்பு 'நார்மல்' என்றே வந்துவிடும்.

நாங்கள் படித்த பாடத்தின் அடித்தளமே அப்படி. மாரடைப்பைத் தடுக்க ஆஸ்பிரின் உதவுமா என்று பார்த்த புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வு 1989-இல் வெளியானது. அதில் இருந்தவர்கள் 22,071 மருத்துவர்கள். ஒருவர்கூடப் பெண் இல்லை. கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களை ஆரம்பகட்ட மருந்துச் சோதனைகளிலிருந்து ஒதுக்கச் சொன்ன 1977-ஆம் ஆண்டு விதியை அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1993-இல்தான் கைவிட்டது. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பெண்களின் உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறுகிறது. அவர்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5-ஆக அதே அமைப்பு குறைத்தது 2013-இல். அதுவரை, பாவம், மறுநாள் காலை அரைத்தூக்கத்தில் வண்டி ஓட்டியவர்கள் எத்தனை பேரோ!

அப்புறம் இன்னொன்று. பொது இடத்தில் ஒரு பெண் மயங்கி விழுந்து மூச்சு நின்றால், நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யத் தொடுவது தப்பாகிவிடுமோ என்று பலர் தயங்குகிறார்கள். இந்த முதலுதவியைக் கற்றுத்தரும் பயிற்சிப் பொம்மைகளும் பெரும்பாலும் தட்டையான மார்போடுதான் இருக்கின்றன. தயங்க வேண்டாம். நெஞ்சின் நடுவில், ஆணுக்கு அழுத்துவது போலவே அழுத்துங்கள். இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி (AED) கிடைத்தால் அதன் பட்டைகள் வெறும் தோலில் ஒட்ட வேண்டும். உள்ளாடை குறுக்கே வந்தால் விலக்குங்கள், முடியாவிட்டால் வெட்டிவிடுங்கள். இடப்பக்கப் பட்டை மார்பகத்தின் மேல் அல்ல, அதற்குப் பக்கவாட்டில், அக்குளுக்குக் கீழே.