ஆத்துல விழுந்த கெமராவும் அட்டன் பக்கத்து ஈரக்காத்தும்

இலங்கை மலையகத்துல நோர்வூட் பக்கம் கெசல்கமு ஓயாங்கிற ஆத்துல ஒரு பாறை மேல நின்னு படம் எடுக்கப் போய் மாமாவோட பழைய பென்டாக்ஸ் கே1000 பிலிம் கெமரா கைநழுவி தண்ணிக்குள்ள போயிருச்சு, ரெண்டு நிமிசம் கூட இருக்காது, தூக்கிட்டோம். மாமா உடனே "டேய், சுத்தி ஒரு கிளிக் அடிச்சுப் பாரு, வேலை செய்யுதான்னு"ன்னாரு. "இருங்க மாமா, தொடாதீங்க"ன்னு மொதல்ல அடியில இருந்த பெட்டரி மூடியத்தான் கழட்டினேன்.

அந்த கெமராவுல ஷட்டர்ங்கிறது பிலிமுக்கு முன்னால தெறந்து மூடுற, ரப்பர் பூசின துணித்திரை. ரெண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவுல ஒரு சொட்டு தண்ணி விட்டா பிரிக்கவே முடியாதுல்ல, அப்படித்தான் ஈரத்திரையும் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும். அந்த நேரம் பிலிம் சுத்துற லீவர இழுத்தா பல்சக்கரத்துக்குள்ள ஆத்துமண்ணயும் சேர்த்து அரைக்கிற மாதிரி ஆயிரும்.

பெட்டரி கதை இன்னும் மோசம். சுத்தமான தண்ணி கரண்ட கடத்தாதுன்னே சொல்லலாம், ஆனா ஆத்துத் தண்ணியில உப்பு கரைஞ்சிருக்கு. குட்டி பொத்தான் பெட்டரிக்கு 1.5 வோல்ட், தண்ணி பிரிய ஆரம்பிக்க கணக்குப்படி 1.23 வோல்ட் போதும், அதனால உள்ள மின்பகுப்பு நடந்து செம்புக்கம்பி கரைஞ்சு பச்சைப் பூச்சு பூத்திரும். பெட்டரிய எடுத்துட்டா கூட பித்தளையும் அலுமினியமும் ஈரத்துல தொட்டுக்கிட்டு இருந்தா அதுவே ஒரு சின்ன பெட்டரிதான், கொஞ்சம் மெதுவா அரிக்கும், அவ்வளவுதான். கடல்ல விழுந்திருந்தா இத விட வேகம், அப்போ உடனே நல்ல தண்ணியில முக்கி உப்ப கழுவிரணும்.

ஆக தண்ணி கெமராவ கொல்றதில்ல, தண்ணி உள்ள தங்குற நேரம்தான் கொல்லுது. நம்ம ஊருல பிரச்சினையே அங்கதான்.

தேயிலை பக்டரி மேல்மாடியில கொழுந்து வாட்டுற எடத்துல ரெண்டு தெர்மாமீட்டர் பக்கத்துல பக்கத்துல தொங்கும், ஒன்னு சும்மா, இன்னொன்னு ஈரத்துணி சுத்தினது. ரெண்டும் ஒரே அளவு காட்டினா காத்து நெறைஞ்சிருச்சு, இனி ஒரு துளியும் வாங்காதுன்னு அர்த்தம், அப்போ சுடுகாத்து விடுவாங்க. பனிமூட்டம் எறங்குன நேரம் கெமராவ ஜன்னல்ல வச்சு காய வைக்கிறதும் அந்த மாதிரி வீண்வேலைதான். அதே ஈரக்காத்த 16 டிகிரியில இருந்து 26 டிகிரிக்கு சூடாக்கினா புதுசா தண்ணி சேராமலே ஈரப்பதம் 100 சதவீதத்துல இருந்து 54 சொச்சத்துக்கு எறங்கிரும். நாங்க லென்ஸ கழட்டி, கெமராவ ஒரு தகரப்பெட்டிக்குள்ள வச்சு, எட்டத்துல 25 வாட் குண்டு பல்ப போட்டு மூடிய லேசா தெறந்து விட்டோம். ஹெயார் டிரையர் வேணாம், அது தண்ணிய உள்ள தள்ளும், கிரீஸையும் உருக்கி, லென்ஸுக்குள்ள வெளிச்சத்த கூட்டிக் குறைக்கிற இதழுக்கு ஓட விடும். அரிசிக்குள்ள பொதைக்கிறாங்களே, நம்ம குசினி அரிசி ஏற்கனவே ஈரம் குடிச்சுதான் இருக்கு, மாவுத்தூசிதான் மிச்சம். சிலிக்கா ஜெல் பரவாயில்ல, தன் எடையில மூணுல ஒரு பங்கு வரைக்கும் ஈரத்த வாங்கிக்கும்.

காய வைக்காம விட்டுட்டா லென்ஸ்ல பங்கஸ், அதான் பூஞ்சை, வரும், 70 சதவீதத்துக்கு மேல ஈரப்பதம் இருந்தா அதுக்கு திருவிழாதான், சிலந்திவலை மாதிரி பரவி அது விடுற அமிலம் கண்ணாடிப் பூச்சையே தின்னுரும்.

இதுல வேடிக்கை என்னன்னா, கெமராவ காய வைக்கணும், பிலிம மட்டும் காய விடவே கூடாது. வெள்ளத்துல நனைஞ்ச கல்யாண போட்டோ பிரேம் கண்ணாடியோட ஒட்டிக்கிட்டத பாத்திருப்பீங்க. அது ஜெலட்டின், மாட்டு எலும்பு தோல்ல இருந்து வர்ற பசை. வெள்ளி உப்புப் படிகங்கள பிலிம்ல பிடிச்சு வச்சிருக்கிறது அதுதான். நனைஞ்சா ஊதும், சுருட்டி வச்சபடி காய்ஞ்சா சுத்தோட சுத்து ஒட்டிக்கும், பிரிச்சா படம் உரிஞ்சு வந்துரும். ஈரமா இருக்கிற வரைக்கும் பயமில்ல, பிலிம் கழுவுறதே தண்ணியிலதானே. அதனால அடியில இருக்கிற பொத்தான அமுக்கி மெதுவா பின்னால சுத்தி, டப்பாவோட தண்ணி போத்தலுக்குள்ள போட்டு, ஃப்ரிஜ்ல வச்சு மறுநாளே கழுவக் கொடுத்தோம். கழுவுறவர்கிட்ட ஈர ரோல்னு முன்னாடியே சொல்லிரணும்.

கெமராவ அட்டன்ல ஒரு வயசான ரிப்பேர்க்காரர் பிரிச்சு, பழைய கிரீஸ வழிச்செடுத்து புதுசு பூசினாரு. வெளிச்சம் பாக்குற ஊசி செத்துருச்சு, ஷட்டர் ஓடுது, அதுக்கு பெட்டரியே தேவையில்ல. ரோல்ல கடைசி நாலு படத்துல மட்டும் ஓரமா மண்கோடு. மாமா இப்போ கெமரா வார கழுத்துல ரெண்டு சுத்து சுத்திக்கிட்டுதான் பாறையில ஏறுறாரு.