மூட்டு புதுசு, நடை பழசு

என் அறைக்கு வருகிறவர்கள் வாசலிலிருந்து நாற்காலிக்கு வர ஏழெட்டு அடி நடக்க வேண்டும். அவர்கள் உட்கார்ந்து, பையைத் திறந்து, எக்ஸ்ரேயை எடுத்து நீட்டுவதற்குள் நான் பார்க்க வேண்டியதைப் பாதி பார்த்திருப்பேன். பிசியோதெரபியில் இத்தனை வருடம் கழித்த பிறகு, அந்த ஏழெட்டு அடியை நான் தவறவிடுவதில்லை.

அப்படித்தான் ஒரு அம்மா வந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். வலது முழங்காலில் முழு மூட்டு மாற்று செய்து ஐந்து மாதம். தழும்பு நன்றாக ஆறியிருந்தது, எக்ஸ்ரேயில் ஒரு குறையும் இல்லை. படுக்கவைத்து மடக்கினால் 115 டிகிரி வரை சுலபமாகப் போகிறது. ஆனால் நடக்கும்போது அந்தக் கால் மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொள்கிறது. மடக்கித் தூக்க வேண்டிய காலை இடுப்பிலிருந்து சுழற்றிப் போடுகிறார்.

“வலியே இல்ல தம்பி. ஆனா வீட்ல எல்லாரும் நான் இன்னும் விந்தி விந்தித்தான் நடக்கிறேன்னு சொல்றாங்க. எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தங்க பாதி மூட்டு மாத்தினாங்க, மூணே வாரத்துல ஜம்முனு நடக்கிறாங்க. எனக்கு வெச்ச மூட்டுதான் சரியில்லையோ?”

இந்தக் கேள்வியை வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். மூட்டில் எத்தனை வகை, எந்த வகைக்கு எப்படிப்பட்ட நடை என்று சொல்வதற்கு முன், நல்ல முழங்கால் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் இரண்டு முறை மடங்குகிறது. காலைத் தூக்கி முன்னால் வீசும்போது சுமார் 60 டிகிரி மடங்குவது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று கண்ணுக்கு அவ்வளவாகப் படாதது. குதிகால் தரையில் பட்டதும், உடம்பின் எடை காலுக்கு வரும் அந்தக் கணத்தில், முழங்கால் 15 முதல் 20 டிகிரி வரை லேசாக மடங்கிக் கொடுக்கும். வண்டியில் ஷாக் அப்சார்பர் செய்யும் வேலை அது. மடங்கவும் வேண்டும், மடங்கியபடியே கீழே உட்கார்ந்துவிடவும் கூடாது. விட்டும் பிடித்தும் அதைச் செய்வது தொடையின் முன்பக்கத்துத் தசையான குவாட்ரிசெப்ஸ்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதலில் காணாமல் போவது இந்தச் சின்ன மடக்கம்தான். சிகிச்சை முடிந்து ஒரு மாதத்தில் தொடைத் தசையின் பலம் சிகிச்சைக்கு முன்னால் இருந்ததில் ஏறக்குறைய பாதியாகிவிடும். அப்போதே அது பலவீனமாகத்தான் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. தசை மெலிந்தது மட்டும் காரணமில்லை. மூட்டுக்குள் வீக்கமும் வலியும் இருக்கிறவரை, அந்தத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளையையே உடம்பு குறைத்துவிடுகிறது. பலமில்லாத காலை மடக்கினால் விழுந்துவிடுவோம் என்று மூளைக்குத் தெரியும். அதனால் மடக்காமல் விறைப்பாக ஊன்றச் சொல்கிறது. பத்து வருடம் வலியோடு தாங்கித் தாங்கி நடந்த பழக்கம் வேறு உள்ளே ஊறிக் கிடக்கிறது. எலும்பை வெட்டி உலோகம் வைக்கலாம், பழக்கத்தை அப்படி வெட்டி எடுக்க முடியாது.

சரி, வகைகளுக்கு வருவோம்.

முழங்காலுக்குள் மூன்று அறைகள் உண்டு: உட்பக்கம், வெளிப்பக்கம், முன்னால் சிப்பி என்ற வட்ட எலும்புக்கு அடியில். தேய்மானம் ஒரு அறையில் மட்டும் இருந்தால் அதை மட்டும் மாற்றுவது பாதி மூட்டு மாற்று. இன்றைக்கும் பரவலாக வைக்கப்படும் ஆக்ஸ்போர்டு வகை, ஜான் குட்ஃபெல்லோ என்ற அறுவை மருத்துவரும் ஜான் ஓ'கானர் என்ற பொறியாளரும் சேர்ந்து 1970களில் உருவாக்கியது. இந்தச் சிகிச்சையில் முழங்காலுக்கு நடுவே குறுக்காகப் போகும் இரண்டு ஜவ்வுகளும் அப்படியே இருக்கும். அவை எலும்பைக் கட்டிவைக்கும் கயிறு மட்டுமல்ல. கால் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சேதி அனுப்பும் நரம்பு முனைகளும் அவற்றில் உள்ளன. அதனால் பாதி மூட்டு மாற்றியவர்களுடைய நடை இயல்புக்கு அருகில் இருக்கும். வேகமாக நடக்கும்போதும் சரிவில் இறங்கும்போதும் அந்த வித்தியாசம் தெரியும்.

ஆனால் ஒன்று. தேய்மானம் ஒரு பக்கம் மட்டும், ஜவ்வு உறுதி, கால் ரொம்ப வளையவில்லை, இப்படி இருப்பவர்களுக்குத்தான் பாதி மூட்டு பொருந்தும். அவர்கள் கிளம்பும் இடமே வேறு. மூன்று அறையும் தேய்ந்து, கால் வில்லாக வளைந்த பிறகு வந்தவர் அவர்களோடு தன்னை ஒப்பிட்டு வருத்தப்படுவதில் நியாயமில்லை.

முழு மூட்டு மாற்றில் முன்பக்கக் குறுக்கு ஜவ்வைப் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். பின்பக்கத்து ஜவ்வை வைத்துக்கொள்ளும் வடிவமும் உண்டு. அதையும் எடுத்துவிட்டு, அதன் வேலையை, செயற்கை மூட்டின் நடுவிலுள்ள பிளாஸ்டிக்கில் நிற்கும் ஒரு சின்னத் தூணுக்குக் கொடுக்கும் வடிவமும் உண்டு. நியூயார்க்கில் ஜான் இன்சால் என்ற அறுவை மருத்துவரின் குழுவினர் 1978-ல் கொண்டுவந்த வடிவம் இந்த இரண்டாவது வகை. இதில் எது நல்லது என்று மருத்துவர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், வாசலிலிருந்து நடந்து வருகிறவருக்கு எது வைத்திருக்கிறது என்று என்னால் சொல்லவே முடியாது. அந்தத் தூண், கால் நன்றாக மடங்கிய பிறகுதான் வேலையைத் தொடங்குகிறது. சமதரை நடையில் அதற்குப் பெரிய வேலை இல்லை. படியிலும், தாழ்வான நாற்காலியிலிருந்து எழும்போதும்தான் வடிவத்தின் குணம் கொஞ்சம் வெளியே வரும்.

சிப்பிப் பக்கத்தை மட்டும் மாற்றியவர்கள் சமதரையில் நன்றாகவே நடப்பார்கள். அவர்களுக்குப் பரீட்சை படியில். ஏற்கெனவே வைத்த மூட்டு தளர்ந்து மறு அறுவை செய்து, கீல் போட்ட மூட்டு வைத்துக்கொண்டவர்கள் மெதுவாகத்தான் நடப்பார்கள். கைத்தடியும் நெடுநாள் தேவைப்படலாம். அது தோல்வி இல்லை. “ரோபோ வெச்சு செஞ்சா நடை நல்லா இருக்குமா?” என்றும் கேட்கிறார்கள். ரோபோ, மூட்டைத் திட்டமிட்ட கோணத்தில் துல்லியமாக வைக்க உதவும். தசைக்கு அது பயிற்சி கொடுக்காது.

ஒரு காலில் மட்டும் செய்துகொண்டவர்களிடம் நான் முதலில் பார்ப்பது மற்றக் காலை. நாற்காலியிலிருந்து எழச் சொன்னால், புதுக் காலை முன்னால் நீட்டிவிட்டு முழு எடையையும் பழைய காலில் போட்டு எழுவார்கள். தங்களுக்கே தெரியாது. இரண்டு பாதத்துக்கும் கீழே எடை பார்க்கும் இயந்திரம் ஒவ்வொன்று வைத்துக் காட்டினால் அசந்துபோவார்கள். இப்படியே போனால் அந்த மற்ற முழங்காலும் சீக்கிரம் முனக ஆரம்பிக்கும்.

இன்னொரு புகார்: “ஆபரேஷன் பண்ண கால் நீளமாயிடுச்சு.” பெரும்பாலும் நீளமாவதில்லை, நேராகிறது. வருடக்கணக்காக வளைந்தும் முழுதாக நீட்ட முடியாமலும் இருந்த கால் நிமிர்ந்ததும் இடுப்பு அதைப் புதுசாக உணர்கிறது. அவசரப்பட்டு மறுகால் செருப்புக்கு அட்டை வைக்காதீர்கள். பலருக்குச் சில மாதங்களில் அந்த உணர்வு போய்விடும். போகாவிட்டால் அளந்து பார்த்து முடிவு செய்யலாம்.

எல்லோரும் எத்தனை டிகிரி மடங்குகிறது என்றே கேட்கிறார்கள். எவ்வளவு நீட்ட முடிகிறது என்று யாரும் கேட்பதில்லை. நடைக்கு முதலில் வேண்டியது நீட்டம். முழங்கால் முழுதாக நீளாவிட்டால் குதிகாலை முதலில் ஊன்ற முடியாது, அடி குட்டையாகிவிடும், தொடைத் தசைக்கு ஒரு நொடி ஓய்வும் கிடைக்காது. ஆகவே முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்காதீர்கள். சுகமாக இருக்கும், அந்தச் சுகத்தில்தான் கால் மடங்கியபடியே நின்றுவிடும். வைப்பதானால் குதிகாலுக்கு அடியில் வைத்து, முழங்காலைத் தொங்கவிடுங்கள்.

கைத்தடி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். தடி, மாற்றிய காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். “நாலாவது வாரமே தடியை வீசிட்டேன்” என்று பெருமையாகச் சொல்கிறவர் விந்தி நடந்து காட்டுவார். தடியோடு நேராக நடப்பவருக்கு நேர்நடை பழகுகிறது, தடியில்லாமல் விந்துபவருக்கு விந்தல் பழகுகிறது. படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். உள்ளே உணர்கருவி பொருத்திய செயற்கை மூட்டுகளை வைத்து அளந்ததில், சமதரையில் நடக்கும்போது முழங்காலில் உடல் எடையைப் போல சுமார் இரண்டரை மடங்கு பாரமும், படி இறங்கும்போது சுமார் மூன்றரை மடங்கும் விழுவது தெரிந்தது. இறங்குவது கடைசியாகக் கைகூடுவதற்கு இதுவே காரணம்.

சில நடைகளுக்குப் பயிற்சி பலன் தராது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். முன்பாதம் தூக்காமல் தரையில் உரசினால் நரம்பு அழுந்தியிருக்கலாம். நன்றாக இருந்த கால் திடீரென்று மடிந்து விழவைத்தாலோ, படுத்தபடி காலை நேராகத் தூக்கவே முடியாமல் போனாலோ காத்திருக்காதீர்கள். கெண்டைக்காலில் வலியோடு வீக்கம், காய்ச்சல், தையலில் கசிவு என்றால் அன்றைக்கே போங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே அவசரப் பிரிவுக்கு.

அந்த அம்மாவுக்கு வருவோம். அவருடைய மகனிடம் செல்போனில் பக்கவாட்டிலிருந்து நடையைப் பிடிக்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, “இது நானா?” என்றார். அதற்குப் பிறகு வேலை எளிதாகிவிட்டது. கைப்பிடியைப் பிடித்தபடி, ஒரு சாண் உயரம்கூட இல்லாத பலகையிலிருந்து மெதுவாக, முழங்காலை மடக்கிக்கொண்டே இறங்கும் பயிற்சி. கண்ணாடி முன் காலைத் தூக்கி நின்ற இடத்தில் நடப்பது. தினமும் கொஞ்ச தூரம் “குதிகால், மடக்கு” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடை. மூன்றாவது வாரம் சலித்துக்கொண்டார், நிறுத்தவில்லை.

இரண்டு மாதம் கழித்து வந்தபோது நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். யார் வருகிறார்கள் என்று காலடிச் சத்தத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு அடியும் ஒரே மாதிரி கேட்டது. படி இறங்கும்போது மட்டும் இன்னும் கைப்பிடியைத் தொட்டுக்கொள்கிறார். தொட்டுக்கொள்ளட்டும்.