அடிமைக் கோட்டைக்குப் போகிறீர்களா? கானா கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கானா சுற்றுலாத் திட்டங்களில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும்: "காலையில் ககூம் காட்டில் தொங்கு பாலம், மதியச் சாப்பாடு, கேப் கோஸ்ட் கோட்டை, எல்மினா கோட்டை, இரவு அக்ரா திரும்புதல்." தமிழ்க் குழுக்களை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அழைத்துப் போவது என் தொழில். என் கைக்கு வரும் திட்டத்தில் நான் முதலில் அடிப்பது இந்த வரியைத்தான். ஏனென்றால் அந்த இரண்டு கோட்டைகளும், அட்லாண்டிக்குக்கு அப்பால் அடிமைகளாக அனுப்பப்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கப்பல் வரும்வரை அடைத்துவைத்த இடங்கள்.

நாற்பது மீட்டர் உயரத்தில் பாலம் ஆட, கூச்சல் போட்டுச் சிரித்துவிட்டு, வயிறாரச் சாப்பிட்டு, அந்தக் கையோடு மனிதர்களை அடைத்துவைத்த நிலவறைக்குள் இறங்குகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள்மேல் தப்பில்லை. திட்டம் போட்டவர் கோட்டையையும் ஒரு 'ஸ்பாட்' ஆக்கிவிட்டார். உள்ளே இருட்டு, வெளியே நல்ல கடல், நாலு போட்டோ, அடுத்த இடம் என்று கிளம்பிவிடுகிறார்கள். இவ்வளவு செலவு செய்து, இவ்வளவு தூரம் வந்து, அந்த இடத்தைப் பார்க்காமலே திரும்புகிறார்களே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இந்த இரண்டு கோட்டைகளுக்கும் இடையே காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. எல்மினாவை 1482-ல் போர்ச்சுகீசியர் கட்டினார்கள். செதுக்கிய கல், மரச்சட்டம் எல்லாவற்றையும் லிஸ்பனிலிருந்தே கப்பலில் ஏற்றி வந்து கட்டியது. அன்று அவர்கள் தேடி வந்தது தங்கம். கொலம்பஸ் அமெரிக்காவுக்குப் போக இன்னும் பத்து வருஷம் இருந்தது. கடலுக்கு அப்பால் கரும்புத் தோட்டங்கள் பெருகியபிறகு, தங்கம் வைத்த கிடங்குகளில் மனிதர்களை வைத்தார்கள். 1637-ல் டச்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1872-ல் அது பிரிட்டிஷ்காரர் கைக்குப் போனது. கேப் கோஸ்ட் கோட்டையை 1653-ல் தொடங்கியவர்கள் ஸ்வீடன்காரர்கள். 1660-களில் ஆங்கிலேயர் அதைப் பிடித்து, 1877 வரை அங்கிருந்துதான் அந்தக் கரையை ஆண்டார்கள். 1979-ல் இந்தக் கடற்கரைக் கோட்டைகள் எல்லாம் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறின.

வருஷங்களை மறந்தாலும் பரவாயில்லை, கேப் கோஸ்டில் ஆண்களை அடைத்த நிலவறையின் தரையை மட்டும் குனிந்து பாருங்கள். ஒரு பகுதியில் தொல்லியல் அகழாய்வு செய்து பழைய செங்கல் தளத்தை வெளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் நீங்கள் மிதிப்பது, காலங்காலமாக அங்கே அடைபட்டவர்களின் மலமும் வாந்தியும் ரத்தமும் அழுக்கும் படிந்து இறுகிப்போன ஒரு படலம். மண் என்று நினைத்துத்தான் எல்லோரும் நடப்பார்கள். வழிகாட்டி சொன்னதும் கால் தன்னால் நின்றுவிடும். நடுவில் ஒரு வாய்க்கால் ஓடும். மேலே சுவரில் கைக்கு எட்டாத உயரத்தில் சின்னத் திறப்பு. வெளிச்சமும் காற்றும் அவ்வளவுதான். கப்பல் வரும்வரை வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ இதற்குள் கிடந்தார்கள். இந்த அறைக்கு நேர் மேலேதான் ஆங்கிலேயர்கள் ஞாயிற்றுக்கிழமை வழிபாடு நடத்தினார்கள் என்று வழிகாட்டிகள் காட்டுவார்கள்.

எல்மினாவில் பெண்களை அடைத்த முற்றத்துக்குப் போனால் அண்ணாந்து பாருங்கள். அங்கே ஆளுநரின் பால்கனி இருக்கும். கீழே பெண்களை வரிசையாக நிறுத்தி, மேலேயிருந்து ஆளுநர் ஒருத்தியைத் தேர்ந்தெடுப்பார் என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள். அவள் ஏறிப்போன படியையும் காட்டுவார்கள். முற்றத்துத் தரையில் ஒரு இரும்புக் குண்டு இருக்கிறது. இணங்காத பெண்களை அதோடு சங்கிலியால் பிணைத்து வெயிலில் விட்டார்கள். எங்கள் குழுவில் வரும் அம்மாக்களும் பாட்டிகளும் அதிகம் பேசாமல் நின்றுவிடுகிற இடம் இது. அதே கோட்டை மாடியில் டச்சுக்காரர்களின் தேவாலயம் இருந்தது. சீயோனே ஆண்டவர் தங்கும் இடம் என்று சொல்லும் பைபிளின் 132-ஆம் சங்கீத வரிகளை அங்கே பொறித்து வைத்திருக்கிறார்கள்.

அந்த எல்மினாவில் போதகராக இருந்தவர்களில் ஒருவர் யாக்கோபஸ் கப்பித்தெய்ன். ஆப்பிரிக்கர். சிறுவயதில் அடிமையாகப் பிடிபட்டு ஹாலந்துக்குக் கொண்டுபோகப்பட்டவர். லைடன் பல்கலைக்கழகத்தில் படித்து, 1742-ல், அடிமை முறை கிறிஸ்தவ விடுதலைக்கு விரோதமானது அல்ல என்று அங்கேயே வாதிட்டார். பிறகு எல்மினாவுக்குப் போதகராக வந்து 1747-ல் இறந்தார். இவரைப் பற்றிச் சொன்னால் குழுவில் உடனே யாராவது கோபப்படுவார்கள். எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். விலங்கை மாட்டியவர்கள் சொல்லிக்கொடுத்த நியாயத்தையே விலங்கு மாட்டப்பட்ட ஒருவர் அறிவால் நிரூபிக்க வேண்டியிருந்தது என்றால், அந்த முறை எவ்வளவு ஆழம்வரை போயிருக்கிறது என்று பாருங்கள்.

வெளியே வந்ததும் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "ஆப்பிரிக்கக்காரங்களே அவங்க ஆளுங்களை வித்தாங்களாமே சார்?" இதைக் கேட்பவர்கள் குரலில் சில சமயம் ஒரு நிம்மதி தெரியும், அப்பாடா, எல்லாரும் சேர்ந்துதான் செய்திருக்கிறார்கள் என்பதுபோல. நான் இதை நின்று நிதானமாக விளக்குவேன். கோட்டையிலிருந்த ஐரோப்பியர்கள் சில நூறு பேர்கூட இருக்க மாட்டார்கள். அவர்கள் காட்டுக்குள் போய் ஆள் பிடிக்கவில்லை. உள்நாட்டில் நடந்த போர்களில் பிடிபட்டவர்களும், திறையாக அனுப்பப்பட்டவர்களும், கடத்தப்பட்டவர்களும் வடக்கே சலாகா போன்ற சந்தைகளில் கைமாறி, அசாந்தி, ஃபான்டே என்ற அந்நாட்டு இனங்களைச் சேர்ந்த வணிகர்கள் வழியாகக் கரைக்கு வந்தார்கள். அது உண்மை. ஆனால் அன்று 'ஆப்பிரிக்கர்' என்று ஒரே இனமாக யாரும் தங்களை நினைக்கவில்லை. சோழன் பாண்டிய நாட்டைக் கொளுத்திச் சிறைபிடித்தபோது 'தமிழன் தமிழனைப் பிடிக்கிறான்' என்றா நினைத்தான்? எதிரி நாட்டவன், அவ்வளவுதான். அதோடு, கரையில் எப்போதும் ஒரு கப்பல் காத்திருந்ததையும், ஒரு ஆளுக்கு இத்தனை துப்பாக்கி, இத்தனை வெடிமருந்து என்று விலை வைத்திருந்ததையும் மறக்கக் கூடாது. துப்பாக்கி இல்லாத நாடு தானே பிடிபட்டுவிடும் என்ற நிலையில், போர் போரை வளர்த்தது.

துப்பாக்கியைவிடவும் அதிகமாக அந்தக் கரைக்குப் போன சரக்கு துணி. அதில் கணிசமானது இந்தியத் துணி. சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணியில் ஒரு வகைக்குப் பெயரே 'கினி துணி', ஆப்பிரிக்காவின் கினிக் கரைச் சந்தைக்கென்று போனதால். நம் கரையில் தறியில் அமர்ந்தவருக்கு, தன் துணி எந்தக் கடலைத் தாண்டி எதற்கு விலையாகப் போகிறது என்று தெரிய வாய்ப்பில்லை. அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும், "நம்மளுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டபடி எல்மினா படியேறுகிறவர்களிடம் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

இன்னும் நெருக்கமான சம்பந்தமும் உண்டு. எல்மினாவை நடத்தியது டச்சு மேற்கிந்தியக் கம்பெனி. அதே காலத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தது, 1658-லிருந்து நாகப்பட்டினத்திலும். 17-ஆம் நூற்றாண்டில் போரும் பஞ்சமும் வந்தபோதெல்லாம், சோறில்லாமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்ட நம் ஜனங்களை அந்தத் துறைமுகங்களில் வாங்கி பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) இலங்கைக்கும் கப்பலேற்றினார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் அடிமைகளாக இருந்தவர்களிலும் சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்கள் உண்டு. பள்ளியில் நமக்கு இதைச் சொல்லித்தரவில்லை. எல்மினாவில் நின்றுகொண்டு பழவேற்காட்டைப் பற்றிக் கேட்கும்போது சிலர் முகம் மாறுவதைப் பார்க்கிறேன். அதற்குப்பின் அவர்கள் வழிகாட்டியிடம் கேட்கும் கேள்விகளே வேறு மாதிரி இருக்கும்.

கோட்டைக்கு முன்னால் பார்க்க வேண்டிய இடம் அசின் மான்சோ. கேப் கோஸ்டிலிருந்து வடக்கே சுமார் 40 கிலோமீட்டர். வடக்கிலிருந்து சங்கிலியில் நடத்திவரப்பட்டவர்கள் கரைக்குப் போகும் முன் கடைசியாகக் குளித்த ஓடை அங்கே இருக்கிறது. குளிப்பாட்டி, எண்ணெய் தடவி, பார்வைக்குத் திடமாக்கி விலை பேசினார்கள். பெரும்பாலான குழுக்கள் நேரமில்லை என்று இதை விட்டுவிடுகின்றன. ஓடையைப் பார்த்துவிட்டுக் கோட்டைக்குப் போனால், நிலவறை கதையின் நடுப்பகுதி என்பது புரியும். அதற்கு முன்னால் நூற்றுக்கணக்கான மைல் நடை, அதற்குப் பின்னால் கப்பல். அட்லாண்டிக்கைக் கடக்கக் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் ஒரு கோடியே 25 லட்சம் பேர் என்றும், உயிரோடு இறங்கியவர்கள் சுமார் ஒரு கோடியே 7 லட்சம் பேர் என்றும் வரலாற்றாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இது ஆப்பிரிக்கக் கரை முழுவதற்குமான கணக்கு. ஒரே கோட்டையின் கணக்காக இதைத் தூக்கி வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். இதேபோன்ற அடிமை வணிக நினைவிடமான செனகலின் கோரே தீவு விஷயத்தில் இப்படித்தான் மிகையான எண்கள் பரவி, பிறகு ஆராய்ச்சியாளர்கள் மறுத்தபோது, "அப்போ எல்லாமே கதையா?" என்று கேட்கிற கூட்டத்துக்கு அது வசதியாகப் போனது.

உள்ளே நடந்துகொள்வது பற்றி. படமெடுக்கலாம். நிலவறைக்குள் சிரித்தபடி செல்ஃபி வேண்டாம், அடைபட்டவர்களைக் கப்பலுக்குக் கொண்டுபோன, 'திரும்பா வாசல்' எனப்படும் கதவில் சாய்ந்து போஸ் கொடுக்க வேண்டாம். உங்கள் பக்கத்தில் நிற்பவர் அமெரிக்காவிலிருந்தோ ஜமைக்காவிலிருந்தோ வந்த ஒருவராக இருக்கலாம். அவருக்கு இது கொள்ளுத்தாத்தாவின் தாத்தாவை அடைத்த வீடு. அங்கே வைத்திருக்கும் மலர்வளையங்களை அவரைப் போன்றவர்கள்தான் வைக்கிறார்கள். அவர் அழுதால் ஒதுங்கி வழி விடுங்கள், கேமராவை இறக்குங்கள். கேப் கோஸ்டின் ஆண்கள் நிலவறையில் அந்த ஊர்க் கடவுளின் சன்னிதி ஒன்றும் இருக்கிறது. இன்றும் பூசை நடக்கும் இடம், அதைப் பொருட்காட்சியாக எண்ணி விரல் நீட்டாதீர்கள். நம்மவர்கள் நிறத்தைப் பற்றித் தமிழில் சொல்லும் கேலி யாருக்கும் புரியாது என்று நினைப்பது உண்டு. தொனி எல்லா மொழியிலும் புரியும். என் குழுவில் அப்படி ஒருவர் பேசினால் அங்கேயே நிறுத்தச் சொல்லிவிடுவேன், வயதில் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி.

கேப் கோஸ்டின் 'திரும்பா வாசலு'க்கு வெளியே போகும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். வெளியே மீன்பிடிக் கரை. வண்ணம் பூசிய படகுகள், வலை பின்னுகிறவர்கள், பந்து விளையாடும் பையன்கள், ஒரே இரைச்சல். திரும்பி அதே கதவைப் பார்த்தால், இந்தப் பக்கம் 'திரும்பும் வாசல்' என்று எழுதியிருக்கும். 1998-ல், ஜமைக்காவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் அடிமைகளாக இருந்த இரண்டு பேரின் எலும்புகளைக் கடல் வழியாக இந்தக் கதவுக்குள் கொண்டுவந்து, அசின் மான்சோவில் அடக்கம் செய்தார்கள்.

சிறு பிள்ளைகளோடு வருபவர்களுக்கு: பத்து வயதுக்குக் கீழே இருந்தால் முற்றத்திலும் மதில்மேலும் நிறுத்திக்கொள்ளலாம், நிலவறை வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பெரிய பிள்ளைகளுக்கு முந்தைய இரவே சொல்லிவையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் மூடிய இடத்தில் மூச்சு முட்டுகிறவர்களும் முன்கூட்டியே வழிகாட்டியிடம் சொன்னால் வாசலருகே நிற்க வைப்பார். சில வழிகாட்டிகள் விளக்கை ஒரு நிமிஷம் அணைத்துக் காட்டுவார்கள், அதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தரை வழுக்கும், தட்டையான செருப்பு போடுங்கள். கானாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம், கிளம்புவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

நாள் கணக்கு என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன். முதல் நாள் அசின் மான்சோ, இரவு கேப் கோஸ்டில் தங்கல். மறுநாள் காலை கூட்டம் சேரும் முன் கோட்டை, மதியம் எங்கும் போகாமல் ஓய்வு. மூன்றாம் நாள் காலை எல்மினா. ககூம் தொங்கு பாலம் அருமையான இடம்தான், அதை நான்காம் நாளுக்குத் தள்ளுங்கள். "ஒரே நாள்தான் இருக்கு சார்" என்பவர்கள் எல்மினாவையும் பாலத்தையும் விட்டுவிட்டு, ஓடையையும் கேப் கோஸ்ட் கோட்டையையும் மட்டும் பாருங்கள். கோட்டையில் உள்ள அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு, பிறகு வழிகாட்டியோடு கீழே இறங்குங்கள்.