‘சேவைக் கற்றல்’ வேண்டாம், ‘ஊர்ப்பணிவழிக் கற்றல்’ என்போம்

போன மாதம் திருகோணமலையில் உவர்மலைப் பக்கம் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை: ‘சேவைக் கற்றல் ஊடாக எழுத்துத் திறன் அபிவிருத்தி’. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘சமூக நடவடிக்கையும் பிரதிபலிப்பும்’. பக்கத்துக் கதிரையில் இருந்த முதலாமாண்டுப் பிள்ளை மெதுவாகக் கேட்டாள்: “சேர், இது சேவைக்காலப் பயிற்சியா? நாங்க இன்னும் வேலைக்கே போகல்லையே.”

அவள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. பிழை பதாகையில். பாடத்திட்டத் தாளில், சான்றிதழில், அழைப்பிதழில் என்று இந்தச் ‘சேவைக் கற்றலை’ நான் பார்ப்பது இது முதல் தடவையும் அல்ல. அதனால் இம்முறை எழுதியே விடுகிறேன்.

முதலில் பொருள். ஆங்கிலத்தில் சேர்விஸ் லேர்னிங் என்று சொல்வது 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ரொபர்ட் சிக்மன், வில்லியம் ராம்சே போன்ற கல்வியாளர்களிடையே புழக்கத்துக்கு வந்த சொல். மாணவர் வகுப்பை விட்டு வெளியே போய் ஊருக்குத் தேவையான ஒரு வேலையைச் செய்ய வேண்டும், அந்த வேலை பாடத்தோடு பிணைந்திருக்க வேண்டும், செய்ததைப் பிறகு நின்று யோசித்து எழுத வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அது வேறு ஏதோ ஒன்று. எழுத்துப் பாடத்துக்கு இது நன்றாகப் பொருந்தும் என்று கண்டுகொண்ட கல்லூரிகள் அங்கே பல. ஆசிரியர் ஒருவர் மட்டும் வாசித்துப் புள்ளி போடும் கட்டுரையை எழுதி எழுதிச் சலித்த பிள்ளை, உண்மையாகவே ஒருவர் கைக்குப் போகப்போகும் துண்டுப்பிரசுரத்தையோ மனுவையோ எழுதும்போது வேறு மாதிரி எழுதுகிறது.

சொல்லின் வேர் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சேவை வடமொழி சேவாவிலிருந்து வந்தது. ஒருவரை அண்டி நின்று பணிவிடை செய்வது என்பது அடிப்பொருள். சேவகன், சேவித்தல் எல்லாம் அந்தக் குடும்பம். வடசொல் என்பதற்காக நான் இதை எதிர்க்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் நம்முடைய திருகோணமலை இந்துக் கல்லூரிக்கு அதிபராக இருந்தவர். அவர் துறவு பூண்ட இராமகிருஷ்ண மிஷனுக்குச் சேவை என்பது உயிரான சொல். அந்த இடத்தில் அது பொருந்துகிறது, நிற்கட்டும். வகுப்பறைக்குள் வரும்போதுதான் சிக்கல்.

இலங்கையில் சேவை என்றால் காதில் முதலில் விழுவது உத்தியோகம். இலங்கை நிர்வாக சேவை, ஆசிரியர் சேவை, அதிபர் சேவை, அரசாங்க சேவை ஆணைக்குழு, சேவைக்கால ஆலோசகர். அடுத்ததாகப் போக்குவரத்து: பேருந்து சேவை, முந்தி மூதூருக்கு ஓடிய லோஞ்ச் சேவை. இந்தப் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்குச் ‘சேவைக் கற்றல்’ என்றால் வேலைக்குச் சேர்ந்தபின் பெறும் பயிற்சி என்றுதானே படும்? தமிழ்நாட்டு அகராதியைப் பார்த்து எழுதியவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். இங்கே இருந்துகொண்டு எழுதுகிறவருக்குத் தெரியாமல் போனது எப்படி?

சரி, உத்தியோகப் பொருளை விடுவோம். அமைப்பைப் பாருங்கள். தமிழ் கற்றல், நீச்சல் கற்றல், தையல் கற்றல் என்கிறோம். தமிழைக் கற்பது, நீச்சலைக் கற்பது, தையலைக் கற்பது. அதே வரிசையில் சேவை கற்றல் வந்தால் சேவையைக் கற்பது என்றே காது எடுக்கும். நடுவில் ஒரு ‘க்’ போட்டாலும் காது எடுப்பது அதைத்தான். இங்கே கற்கப்படுவது எழுத்து, சேவை அல்ல. சேவை அதற்குப் போகும் வழி. அந்த ‘வழி’யை எழுத ஏன் இவ்வளவு தயக்கம்? தமிழ்நாட்டு ஆரம்பப் பள்ளிகளில் ‘செயல்வழிக் கற்றல்’ என்று ஒரு முறை வந்தபோது எல்லோருக்கும் விளங்கியது, ஏனென்றால் செயலைக் கற்பதல்ல, செயலின் வழியாகக் கற்பது என்று சொல்லே சொல்லிவிடுகிறது. ‘சேவைவழிக் கற்றல்’ என்றாவது போட்டிருந்தால் நான் பாதி வழியில் சமாதானமாகியிருப்பேன்.

மீதிப் பாதிக்குக் காரணம் வேறு. சேவை என்ற சொல்லில் ஒருவர் கொடுக்கிறார், இன்னொருவர் வாங்குகிறார். படித்த பிள்ளை மேலே, ஊர்ச்சனம் கீழே. சிக்மனே 1979இல் எழுதிய மூன்று கோட்பாடுகளில் முதலாவது, சேவை பெறுகிறவர்களே அந்தச் சேவை எப்படி நடக்க வேண்டும் என்பதைத் தம் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது. ஆங்கிலச் சொல்லுக்குள்ளேயே இருந்த கோணலை அதை வளர்த்தவர்களே கண்டு திருத்தப் பார்த்தார்கள். நாம் அந்தக் கோணலை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

திருக்கடலூரில் நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகள் சிலரை அங்கே கூட்டிப் போயிருந்தேன். ஒரு ஒழுங்கையில் கிணறுகள் உவர்த்துப்போய், தெருக்குழாய் ஒன்று கேட்டு மனு எழுத வேண்டியிருந்தது. நன்றாகத் தமிழ் எழுதக்கூடிய ஒரு மாணவி, திண்ணையில் இருந்து ஒரு பக்கம் எழுதி, அந்த வீட்டு அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். ‘மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவர விரும்புவது யாதெனில்’ என்று தொடங்கியது. அம்மம்மா மீன் அரிந்துகொண்டே கேட்டார், கடைசி வரை கேட்டார். பிறகு சொன்னார்: “எல்லாம் வடிவாத்தான் இருக்கு மகள். எனக்குத் தண்ணி வேணுமெண்டு இதில எங்க கிடக்கு?”

மாணவி தாளைத் திருப்பிப் பார்த்தாள். தண்ணீர் பதினோராவது வரியில் இருந்தது. இரண்டாவது தாளில் முதல் வரியே ‘எங்கள் ஒழுங்கையில் உள்ள கிணறுகளின் நீர் உவர்த்துவிட்டது, தெருக்குழாய் ஒன்று வேண்டும்’ என்று வந்தது. எத்தனை வீடு, குடிநீர் எடுக்க எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், எந்த மாதத்திலிருந்து என்பதெல்லாம் அம்மம்மா சொல்லச் சொல்ல அடுத்தடுத்து ஏறியது. வகுப்பில் ‘முக்கியமானதை முதலில் எழுது’ என்று நான் ஒரு தவணை முழுக்கச் சொல்லியும் ஏறாதது அந்தத் திண்ணையில் ஏறிவிட்டது. இப்போது சொல்லுங்கள், யார் யாருக்குச் சேவை செய்தார்? பிள்ளை அம்மம்மாவுக்கு மனு எழுதிக் கொடுத்தாள், அம்மம்மா பிள்ளைக்கு எழுதப் பழக்கினார். இதைச் ‘சேவை’ என்று எழுதினால் பாதிதான் தெரிகிறது.

எழுத்துக் கல்வியில் இதைப் பிரித்துப் பார்த்தவர் அமெரிக்கக் கல்வியாளர் தோமஸ் டீன்ஸ், 2000ஆம் ஆண்டில். சமூகத்துக்காக எழுதுவது, சமூகத்தைப் பற்றி எழுதுவது, சமூகத்தோடு சேர்ந்து எழுதுவது என்று மூன்று. ஆங்கிலத்தில் இதற்கு மூன்று தனிச்சொல் வேண்டியிருக்கிறது. தமிழில் அது வேற்றுமைக் கணக்கு: நான்காம் வேற்றுமை, இரண்டாம் வேற்றுமை, மூன்றாம் வேற்றுமை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கே உடனே பிடிபடும். இப்படி ஒரு வசதி கையில் இருக்க, நம் மொழிபெயர்ப்பாளர் மூன்றையும் ‘சமூக சேவை எழுத்து’ என்ற ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டியதை நான் ஒரு கைந்நூலில் பார்த்தேன். மனம் நொந்துபோனது.

மாற்றுச் சொற்களுக்கு வருவோம். தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘ஒப்புரவுக் கற்றல்’ என்றார். ஒப்புரவு என்றால் ஊரோடு ஒத்து, உதவி வாழ்வது. குறளில் ஒரு அதிகாரமே இருக்கிறது, ஊருணி நீர்நிறைந்தற்றே என்ற அருமையான உவமையும் அங்கேதான். சொல்லுக்குள் ‘ஒப்பு’ இருப்பது எனக்கும் பிடிக்கும். ஆனால் மீன் சந்தையில் நின்று சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. விளக்கத்துக்கு விளக்கம் எழுத வேண்டி வரும். ‘தொண்டு’ நல்ல பழஞ்சொல். சுந்தரர் பாடியது திருத்தொண்டத்தொகை. ஆனால் தொண்டுக்கு அடிமைத்தனம் என்ற பொருளும் அகராதியில் உண்டு, இங்கே ‘தொண்டு நிறுவனம்’ என்றால் வெளிநாட்டுக் காசில் வந்து போகிறவர்கள் என்ற நினைப்பு சனத்துக்கு ஒட்டிவிட்டது. ‘சிரமதானம்’ எல்லோருக்கும் தெரிந்த சொல். 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஏ. ரி. ஆரியரத்ன தன் மாணவர்களைக் கனதொலுவ என்ற கிராமத்துக்கு அழைத்துப்போய் வேலை செய்ததில்தான் சர்வோதய இயக்கம் தொடங்கியது, அதுவும் ஒருவகையில் இதே கல்விதான். என்றாலும் இன்று சிரமதானம் என்றால் மண்வெட்டியும் விளக்குமாறும்தான் கண்ணில் வரும், பேனை வராது.

என் தெரிவு பணி. ‘என் கடன் பணி செய்து கிடப்பதே’ என்ற அப்பர் வாக்கு தெரியாத வீடு இங்கே குறைவு. கோயிலில் புல் செதுக்கப் போகும் பிள்ளைகள் உழவாரப்பணி என்கிறார்கள். இந்தியாவில் 1969இல் கல்லூரி மாணவருக்காகத் தொடங்கிய திட்டத்துக்கு நாட்டு நலப்பணித் திட்டம் என்றே தமிழ்ப் பெயர் நிலைத்துவிட்டது. பணியில் வேலையும் இருக்கிறது, பணிவும் இருக்கிறது. ‘பணிவழிக் கற்றல்’ என்று வெறுமனே விட்டால் தொழிலிடப் பயிற்சி ஆகிவிடும் என்பது நியாயமான மறுப்பு. ‘சமூகப்பணி’ என்று போட்டால் அது இங்கே ஒரு தனித் துறைக்குப் பெயர், பட்டமே கொடுக்கிறார்கள்.

சமூகம் என்ற சொல்லிலேயே எனக்கு ஒரு தயக்கம் உண்டு. திருகோணமலையில் சமூகம் என்றால் தமிழ்ச் சமூகம், முஸ்லிம் சமூகம், சிங்களச் சமூகம் என்று உடனே மூன்றாகப் பிரிந்து நிற்கும். கூட்டத்துக்குச் ‘சமூகமளிக்கவும்’ என்ற அழைப்பில் அதே சொல்லுக்கு வேறு பொருள். ஊர் அப்படிப் பிரியாது. கிண்ணியாவும் ஊர், சம்பூரும் ஊர், கந்தளாயும் ஊர். அந்த ஊரில் குடியிருக்கிற எல்லோரும் அதற்குள் அடக்கம். ஆகவே ஊர்ப்பணிவழிக் கற்றல். எழுத்துப் பாடத்துக்கு ‘ஊர்ப்பணி எழுத்து’ என்று சுருக்கமாகச் சொன்னால் போதும். நீளம் என்கிறார்கள். ‘எழுத்துத் திறன் அபிவிருத்தி’ நீளமாகத் தெரியாதவர்களுக்கு இது மட்டும் எப்படி நீளமாகத் தெரிகிறது?

பதாகையின் இரண்டாம் வரியையும் விட மனமில்லை. ‘சமூக நடவடிக்கை’ என்ற சொல்லைப் பாருங்கள். சட்ட நடவடிக்கை, ஒழுக்காற்று நடவடிக்கை, இராணுவ நடவடிக்கை என்று முப்பது வருடம் கேட்டுப் பழகிய ஊரில் நடவடிக்கை என்றாலே யாரோ யார்மீதோ எடுப்பது. ஒரு நல்ல மாற்றத்துக்காகச் சனம் சேர்ந்து இயங்குவதற்குச் செயற்பாடு என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, செயற்பாட்டாளர் என்று தினமும் பத்திரிகையில் எழுதுகிறோம். அந்த இடத்தில் அதைப் போட்டால் முடிந்தது. ஆங்கிலத்துக்கு அகராதியில் முதலாவதாக இருக்கும் சொல்லை எடுப்பது, அல்லது சிங்களத்தில் சேவா என்று இருந்தால் அதை அப்படியே சேவை ஆக்குவது, இந்த இரண்டு பழக்கத்தையும் விட்டாலே நம் மொழிபெயர்ப்புகளில் அரைவாசி திருந்திவிடும். எழுதி முடித்ததும் வாசலில் நிற்கிற ஒருவருக்கு வாசித்துக் காட்டினால் ஐந்து நிமிடம்தான் போகும்.

அப்புறம் அந்தப் ‘பிரதிபலிப்பு’. வேலை முடிந்து வந்து, என்ன நடந்தது, நான் எங்கே பிழைவிட்டேன், எது எனக்கு விளங்கியது என்று மாணவர் எழுதுவதற்கு இதுதான் இப்போது பெயர். கண்ணாடியில் முகம் தெரிவதற்கும் குளத்தில் வானம் தெரிவதற்கும் உள்ள சொல். ‘பிரதிபலிப்புக் கட்டுரை எழுதுக’ என்று கொடுத்தால் பிள்ளைகள் நடந்ததைத் திகதிவாரியாக ஒப்புவிக்கிறார்கள், ஏனென்றால் சொல் கேட்டது அதைத்தான். நான் இப்போது ‘மீள்நோக்கு’ என்று தலைப்பிட்டு, அதற்குக் கீழே ‘திரும்ப நினைத்துப் பார்த்து எழுதுங்கள்’ என்று ஒரு வரி சேர்த்துக் கொடுக்கிறேன். அந்தத் திருக்கடலூர் மாணவியின் மீள்நோக்கு ஒன்றரைப் பக்கம். முதல் வரியில், ‘தண்ணீர் என்ற சொல்லைப் பதினோராவது வரியில் வைத்திருந்தேன்’ என்று எழுதியிருந்தாள்.