தாத்தா பட்டாளத்தில் இருந்தார், வீட்டுக்கு என்ன கிடைக்கும்?

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் பல வீடுகளில் இந்தப் பேச்சு உண்டு: "எங்க தாத்தா பர்மா சண்டைக்குப் போனவர். அதுக்கு அரசாங்கம் ஏதாவது தருமா?" பேரப்பிள்ளைகளுக்குப் பணம் கிடையாது. பாட்டி இருக்கிறார் என்றால் கதை வேறு.

சிப்பாய்க்குப் பென்ஷன் வர 15 வருஷ சர்வீஸ் வேண்டும். 1942-ல் சேர்ந்து, இரண்டாம் உலகப் போர் முடிந்து 1946-ல் ஊர் திரும்பியவருக்கு அது வராது. அப்படிப்பட்டவருக்கும், அவருக்குப் பின் மனைவிக்கும், தமிழக அரசு ஆயுள் முழுக்க மாத நிதியுதவி தருகிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். மத்திய அரசிலும் ஒன்று இருக்கிறது. பென்ஷன் இல்லாமல் 65 வயது கடந்த, ஹவில்தார் பதவி வரை இருந்தவருக்கோ அவர் விதவைக்கோ மாதம் 4,000 ரூபாய் தந்துவந்தார்கள். 2025 நவம்பரிலிருந்து 8,000. இரண்டையும் சேர்த்து வாங்க முடியுமா என்று மனு எழுதும் முன்பே அங்கே கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் சாவி, பட்டாளத்திலிருந்து விடுவித்தபோது தந்த டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள படை எண். புக்கைக் கரையான் தின்றுவிட்டதா? மெடலை எடுத்துப் பாருங்கள். இந்தியச் சிப்பாய்களுக்குத் தந்த மெடல்களில் பெரும்பாலும் விளிம்பிலோ பின்புறத்திலோ எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். எங்கள் வீட்டில் போகிக்குப் போகி குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்ததில் எழுத்து பாதி போய்விட்டது. மேலே வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலை மெல்ல உரசியபோதுதான் எண் தெரிந்தது. தயவுசெய்து புளி போடாதீர்கள்.

எண் கிடைத்தால் அவர் இருந்த படையின் ஆவணப் பிரிவுக்கு எழுதி விவரம் கேட்கலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா போய், அங்கே நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தவர்களும் இங்கே நிறைய. அவர்களுக்கு இந்த வழி இல்லை. அவர்களுக்கு உள்ளது 1972-ல் மத்திய அரசு தொடங்கிய சுதந்திரப் போராட்டத் தியாகி பென்ஷன். தியாகி காலமானபின் மனைவிக்கோ மணமாகாத மகளுக்கோ போகும், மகனுக்கு வராது.

சண்டையிலேயே இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் நினைவுச் சின்னங்களில் இருக்கின்றன. பர்மாவில் தௌக்கியான் கல்லறைத் தோட்டத்தில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் மட்டும் ஏறக்குறைய 27,000 பெயர்கள். சிலவற்றில் அப்பா பெயரும் ஊரும்கூட உண்டு. ஆனால் திருவாரூர் மாவட்டம் என்று தேடாதீர்கள், அது 1997-ல் வந்தது. அன்றைக்கு எல்லாமே 'டாஞ்சூர்', நாகப்பட்டினம் 'நெகபட்டம்'. கோவிந்தசாமியையும் ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதித் தேட வேண்டியிருக்கும். பெயரைப் பதிந்த குமாஸ்தாவின் காதில் எப்படி விழுந்ததோ அப்படி.