கேமரா எத்தனை மணிக்கு நிற்கிறது?

‘கண்காணிப்பு கேமரா அடிக்கடி நின்றுவிடுகிறது’ என்று யார் அழைத்தாலும், ‘எத்தனை மணிக்கு?’ என்றுதான் முதலில் கேட்பேன். பலர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். என்விஆரில் (கேமராக் காட்சிகளைச் சேமிக்கும் பதிவுக் கருவி) உள்ள நிகழ்வுப் பதிவைத் திறந்து, இணைப்பு அறுந்த நேரங்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

உச்சி வெயிலுக்குப் பின் நின்று, வெயில் தாழ்ந்ததும் தானாகவே திரும்பி வந்தால் சூட்டைச் சந்தேகிக்கலாம். இருட்டத் தொடங்கும் நேரத்தில் நின்றால், பெரும்பாலும் மின்சாரம் போதவில்லை என்று பொருள். இருட்டில் படம்பிடிக்க உதவும் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியத் தொடங்கும்போது கேமரா கூடுதல் வாட் கேட்கும். சாதாரண பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் தரும் பெட்டி) ஒரு போர்ட்டில் 15.4 வாட் தந்தாலும், கேமராவுக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட்தான். செம்பு பூசிய அலுமினியக் கேபிளை நெடுந்தூரம் இழுத்திருந்தால் இழப்பு இன்னும் கூடும். இந்தக் கோளாறுக்கு நிழல் மறைப்பு போட்டுப் பணத்தை வீணாக்காதீர்கள்; கேபிளையும் சுவிட்சின் மொத்தத் திறனையும் பாருங்கள்.

உலோகக் கூடு கையைச் சுடுகிறது என்பதற்காக மட்டும் பதற வேண்டாம். உள்ளே இருக்கும் சிப்பின் சூட்டை வெளியேற்றுவதே அந்தக் கூட்டின் வேலை. பல கேமராக்களின் அமைப்புப் பக்கத்தில் உள்வெப்பநிலையே தெரியும். கையை விட அந்த எண்ணை நம்புங்கள்.

படமும் பேசும். ஒளியைப் படமாக்கும் சென்சார் சூடேறினால் இருண்ட பகுதிகளில் வெண்புள்ளிகள் பூக்கும். முன்னிரவில் அடர்த்தியாக இருந்து விடியலுக்கு முன் குறைந்தால், பகல் முழுதும் சுவர் வாங்கிய சூடு இன்னும் வடியவில்லை என்று கொள்ளலாம். இந்தப் புள்ளிகள் நிறைந்த காட்சியைக் குறைந்த தரவாகச் சுருக்குவது கடினம் என்பதால் பிட்ரேட் (விநாடிக்குப் பதிவாகும் தரவின் அளவு) ஏறி, ஹார்ட் டிஸ்க்கும் முன்கூட்டியே நிறைந்துவிடும். ‘முன்பு ஒரு மாதப் பதிவு இருந்தது, இப்போது இல்லை’ என்ற புகாரின் பின்னால் சில சமயம் இதுதான் இருக்கும்.

விவரக் குறிப்பில் ‘60 டிகிரி செல்சியஸ் வரை’ என்று போட்டிருப்பது பொதுவாகச் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலையைத்தான். நேர் வெயில் படும் கூடு அந்தக் காற்றை விடப் பல டிகிரி கூடுதலாகக் கொதிக்கும். அதனால் பொருத்தும் இடம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். மேற்குச் சுவரைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். முடியாவிட்டால் வெளிர்நிற மறைப்பைக் கூட்டோடு ஒட்டாமல், காற்று புகுந்து போக இடைவெளி விட்டு மாட்டுங்கள். வீட்டுக்குள் வைக்கும் மாடலை வெளியே மாட்டாதீர்கள்.

காற்றோட்டம் என்று சொல்லிக் கூட்டில் துளை போடுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நீர்ப்புகாத் தன்மை அந்த நொடியே போய்விடும். பகல் சூட்டில் விரிந்து இரவில் சுருங்கும் காற்று ஈரத்தை உள்ளே இழுத்து, லென்ஸ் மூட்டமாகும்.

அடுத்தது வேலைச்சுமை. நடமாட்டம் குறைந்த வாசலுக்கு விநாடிக்கு 15 ஃபிரேம் தாராளம். முகம், வாகனம் என எல்லாப் பகுப்பாய்வையும் கேமராவிலேயே ஓட்டாமல், தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டால் சிப்பின் சூடு தணியும்.

சூடு ஏறினாலும் கேமரா ஓடுகிறதே என்று விட்டுவிடக் கூடாது. மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் பாகமான மின்பகுளிக் கெப்பாசிட்டரின் ஆயுள், 10 டிகிரி கூடுதலுக்கு ஏறத்தாழ பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் பழைய கணக்கு. சூடு பதிவுக் கருவிக்கும் ஆகாது; அதை மூடிய அலமாரிக்குள் வைத்திருந்தால், கேமராவுக்கு ஏணி போடுமுன் அந்த அலமாரியைத் திறந்து பாருங்கள்.