பசித்த குடல் காரீயத்தை ஏன் உள்ளே விடுகிறது?

அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார்: "வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளிடம்தான் கற்றல் குறைபாட்டை அதிகம் பார்க்கிறேன். இது பரம்பரையா, வளர்ப்பா?"

காரணங்கள் பல. குறைப்பிரசவம், சத்துக் குறைவு, போடாமல் விட்ட தடுப்பூசி, தள்ளிப்போன சிகிச்சை. குறைபாடுள்ள குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா வேலையை விட, குடும்பம் இன்னும் கீழே போவதும் உண்டு. இவை நமக்குத் தெரிந்தவைதான். அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்கிறேன்: மூளையைப் பாதிக்கும் நச்சு உலோகமான காரீயம் (லெட்). (ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது, அது வேறு உலோகம். ஆனால் வாங்கும்போது காரீயம் கலக்காததுதானா என்று கேட்டு வாங்குங்கள்.)

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் என்று ஒரு நகரம். 2014 வாக்கில் சுமார் ஒரு லட்சம் பேர், பாதிக்கு மேல் கறுப்பின மக்கள், பத்தில் நான்கு பேர் வறுமையில். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க, குடிநீரை ஃபிளின்ட் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய வேதிப்பொருளைச் சேர்க்கவில்லை. பழைய காரீயக் குழாய்கள் கரைந்தன. எஞ்சின் பாகங்கள் அரிக்கின்றன என்று அதே ஆண்டு அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை அந்தத் தண்ணீரை நிறுத்திக்கொண்டது. குழந்தைகள் மேலும் ஓராண்டு குடித்தார்கள். 2015-இல் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டீஷா கணக்கை வெளியிட்டார்: இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் இருந்த குழந்தைகள் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாகியிருந்தார்கள்.

அழுக்கான தண்ணீர், பழைய பெயின்ட் உதிரும் சுவர், பேட்டரி உருக்கும் பட்டறை எல்லாம் ஏழைகள் வசிக்கும் இடத்தில்தான் அதிகம் இருக்கின்றன. சரி, ஒரே அளவு காரீயத் தூசி ஒரு வசதியான குழந்தையின் வாய்க்கும் ஓர் ஏழைக் குழந்தையின் வாய்க்கும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இரண்டு பேர் இரத்தத்திலும் ஒரே அளவு ஏறாது. இதைப் படித்த நாளிலிருந்து என்னால் மறக்க முடியவில்லை.

முன்சிறுகுடலின் சுவரில் டி.எம்.டி.1 என்று ஒரு புரதம் இருக்கிறது. உணவிலுள்ள இரும்பை உள்ளே ஏற்றுவது இதன் வேலை. இரண்டு நேர்மின்னேற்றம் கொண்ட உலோக அயனியா என்று பார்க்குமே தவிர, இரும்புதானா என்று கறாராகப் பார்க்காது. காரீய அயனிக்கும் அதே இரண்டு நேர்மின்னேற்றம்தான். இப்போது உடலில் இரும்பு குறைகிறது. கிடைக்கிற கொஞ்ச இரும்பையும் விட்டுவிடக் கூடாது என்று குடல் இந்தப் புரதத்தை ஏராளமாகச் செய்து அடுக்குகிறது. உயிர் பிழைக்க உடல் செய்யும் அருமையான ஏற்பாடு இது. அந்த வாசல்கள் வழியாகவே காரீயமும் நுழைகிறது. சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) குறைந்தாலும் இப்படித்தான், காரீயம் அதிகம் ஏறும். வயிறு காலியாக இருந்தால் பல மடங்கு ஏறும். காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைக்கும் சாப்பிட்டு வரும் பிள்ளைக்கும் ஒரே தூசி ஒரே தூசியல்ல.

மூளைக்குள் போனதும் அது கால்சியம் போல நடிக்கிறது. ஒரு நரம்புச் செல் அடுத்த செல்லுக்குச் செய்தி அனுப்ப கால்சியம்தான் சைகை. அந்த இடத்தில் காரீயம் உட்கார்ந்தால் தேவையில்லாத நேரத்தில் செய்தி கசிகிறது. கற்கும்போது நரம்புச் செல்லில் திறக்க வேண்டிய என்.எம்.டி.ஏ. என்ற வாயில்களையோ அடைத்துவிடுகிறது. எந்த நரம்பு இணைப்பை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று மூளை முடிவு செய்யும் சின்ன வயதில் இது நடக்கிறது. கவனக்குறைவு, மந்தம் என்று ஆசிரியர் கண்ணில் படுவதற்குச் சில பிள்ளைகளிடம் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 1979-லேயே அமெரிக்க ஆய்வாளர் ஹெர்பர்ட் நீடில்மேன் விழுந்த பால்பற்களைச் சேகரித்து, பல்லில் காரீயம் கூடக்கூட வகுப்பறையில் கவனம் குறைவதைக் காட்டினார்.

நம் நாட்டுக்கு வருவோம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரும்புச் சத்துக் குறைவு அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதாவது வாசல்கள் திறந்தே கிடக்கின்றன. காரீய பெட்ரோலை 2000-இல் நிறுத்தினோம், நல்ல காரியம். ஆனாலும் உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு, ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு, இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் இருக்கிறது என்று 2020-இல் யுனிசெஃப் அறிக்கை மதிப்பிட்டது. அதில் இந்தியக் குழந்தைகள் சுமார் 27.5 கோடி. அப்படியிருந்தும் நம் குழந்தைகளுக்கு இரத்தக் காரீயப் பரிசோதனை வழக்கத்தில் இல்லை. பட்டறைகள் உள்ள பகுதிகளிலாவது இதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். பிள்ளை பின்தங்கினால் "போன பிறவி வினை" என்று அந்தத் தாயிடம் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அளந்து பார்த்திருக்க வேண்டிய ஒன்றை அவள் தலையில் கட்டுகிறார்கள்.

சத்துணவுத் தட்டிலிருக்கும் முட்டையையும் கீரையையும் இந்தக் கண்ணோடும் பார்க்கலாம். வயிற்றை நிரப்புவதோடு, இரும்பும் கால்சியமும் போதிய அளவு கிடைத்த குடல் காரீயத்தைக் குறைவாகவே ஏற்றிக்கொள்ளும்.

அப்புறம் ஒன்று. இரத்தத்தில் ஏறிய காரீயம் கால்சியத்தோடு கால்சியமாக எலும்பில் போய்ப் படிந்து, பல பத்தாண்டுகள் அங்கேயே கிடக்கும். பெண் கருவுற்றதும் குழந்தையின் எலும்புக்காகத் தன் எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்துக் கொடுக்கிறாள். சாப்பாட்டில் கால்சியம் குறைந்தால் இன்னும் அதிகம் கரையும். கூடவே, அவள் சிறுமியாக இருந்தபோது விழுங்கிய காரீயமும் கரைந்து நஞ்சுக்கொடி வழியாகப் போகிறது.